அடையாள அட்டை இருக்கோ, பிள்ளை?



வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டின் முன் இரண்டு அறைகளை நான் வாடகைக்கு விடுகிற கதை உங்களில் பலருக்குத் தெரியும். அவர் இல்லாமற்போன பிறகு மாடும் கோழியுமாய் இழுபட்ட சீவியம், இந்த அறைகளால்தான் கொஞ்சம் நிமிர்ந்தது. யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து லண்டன், கனடா என்று போனவர்கள், கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்கள், காணி அலுவலாய் அலைகிறவர்கள் என்று ஆட்கள் வந்து போவார்கள். எனக்கு ஒரு சட்டம் இருந்தது. அட்டையோ கடவுச்சீட்டோ காட்டாமல் அறைத் திறப்பு கையில் போகாது.

போன மாதம் ஒரு பொழுதுபட்ட நேரம், படலையடியில் ஒரு பிள்ளை வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு சொப்பிங் பை.

"ஒரு இரவு மட்டும் அக்கா. காசு வைச்சிருக்கிறன்."

"அடையாள அட்டை இருக்கோ, பிள்ளை?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "அவர் எடுத்து ஒளிச்சு வைச்சிருக்கிறார்."

அவளை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, குசினிக்குள் போய் யோசித்துக்கொண்டு நின்றேன். சட்டம் நான் போட்டது. ஆனால் அதைச் சும்மா போடவில்லை. 2019 சித்திரை 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி என்ற மூன்று பெரிய ஹோட்டல்களில் குண்டு வெடித்தது. வெடிக்க வைத்தவர்கள் அங்கே விருந்தினராய் அறை எடுத்துத் தங்கியவர்கள். தேவாலயங்களில் செத்தவர்களையும் சேர்த்தால் 250 பேருக்கு மேல். தனியே இருக்கிற பெண் நான், முன்பின் தெரியாதவர் ஆர் என்று பார்க்காமல் எப்படி உள்ளே விடுவது?

ஆனால் கவுண்டரின் மற்றப் பக்கத்திலும் நான் நின்றிருக்கிறேன். 2006 ஆவணியில் ஏ-9 பாதை பூட்டுப்பட்டபோது, மகனின் வைத்தியத்துக்காகக் கொழும்புக்குப் போன நான் அங்கேயே அகப்பட்டுப் போனேன். தங்கியது ஒரு லொட்ஜில். காசு முழுக்கக் கட்டும்வரை எங்கள் அடையாள அட்டைகளை முகாமையாளர் தன் லாச்சிக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். அட்டை இல்லாமல் சோதனைச் சாவடி தாண்ட முடியாது. மருந்து வாங்க ரோட்டுக்கு இறங்கவும் பயம். வந்தவர்களின் பதிவுக் கொப்பியோ கவுண்டரில் விரித்தபடி கிடக்கும். பேனை எடுக்கக் குனிந்தால் எனக்கு முன் வந்த பத்துப் பேரின் பெயர், ஊர், அறை இலக்கம் எல்லாம் தெரியும். 2007 தையில் திருகோணமலையால் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்த ஆண்டு ஆனி 7ஆம் திகதி விடியப்புறம், கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிசாரும் படையினரும் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அதில் 85 பேர் பெண்கள். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், வேலை தேடியவர்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டு, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமராயிருந்த இரத்தினசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தமும் தெரிவித்தார். பலர் திரும்பி வந்தார்கள். எந்த அறையில் எந்த ஊரவர் என்று அந்தக் கொப்பிகளைப் பார்த்தால் எவ்வளவு கெதியாய்க் கண்டுபிடிக்கலாம் என்று நான் அப்போது நினைத்து நினைத்து நடுங்கியிருக்கிறேன்.

குசினிக்குள் நின்றபோது இதெல்லாம்தான் ஓடியது. பிறகு வெளியே வந்து, "பிள்ளையின்ரை கிளினிக் கொப்பி இருக்கோ?" என்று கேட்டேன். பால் மாப் பேணியோடு அதையும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அதில் தாயின் பெயர் இருக்கும்தானே. அவள் சொன்ன பெயரும் அதுதான். பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தேன். விதானையாருக்கு ஒரு ரெலிபோன் எடுத்தும் விசாரித்திருக்கலாம். ஆனால் அவளுடைய ஊர் விதானையாரிடம் கேட்டால், அவள் எங்கே நிற்கிறாள் என்று அந்த ஊருக்கே சொன்னது போலாகிவிடும்.

நான் கொப்பி வைத்திருப்பதில்லை. ஆளுக்கு ஒரு மட்டை. அது அலுமாரிக்குள், திறப்பு என் தாலிக்கொடி இருந்த இடத்தில். மட்டையில் பெயர், வந்த திகதி, எந்தப் பத்திரம் பார்த்தேன் என்பது மட்டும். அட்டை இலக்கத்தைக்கூடத் தேவையில்லாமல் எழுதுவதில்லை. அந்த இலக்கத்தைச் சும்மா எண் என்று நினைக்காதேங்கோ. 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் பிறந்த நாள். பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தைப் பார்த்தே வயதும், ஆணோ பெண்ணோ என்பதும் சொல்லிவிடலாம். ஆகவே போட்டோக்கொப்பி கேட்கிற இடத்தில், அதன் குறுக்கே என்ன அலுவலுக்கு, எந்தத் திகதி என்று எழுதிவிட்டுக் கொடுங்கோ. இந்தியாவில் ஆதார் அட்டையின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த படிவம் ஒன்று எடுக்கலாம். எங்களுக்கு அது இல்லை. தேவைக்கு மேல் விபரம் வாங்கக்கூடாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கக்கூடாது என்பதுதான் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சாரமும்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு ரெலிபோன். ஆண் குரல். "அங்கை ஒரு பொம்பிளை குழந்தையோடை வந்து நிக்கிறாவோ? நான் தமையன்."

"எங்கடை வீட்டிலை ஆர் நிக்கினம், ஆர் நிக்கேல்லை எண்டு ரெலிபோனிலை சொல்லுறேல்லை, தம்பி."

அறை இரண்டும் வெறுமையாய் இருக்கிற நாளிலும் என் பதில் இதுதான். ஆள் இல்லாதபோது "இல்லை" என்று சொல்லிப் பழகினால், ஆள் நிற்கிற நாளில் "சொல்லமாட்டேன்" என்பதே காட்டிக் கொடுத்துவிடும். இதை முதலில் எனக்குச் சொல்லித் தந்தவர் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிய ஒரு அன்ரி. ஹோட்டலில் வேலை செய்தவ.

பொலிஸ் வந்து கேட்டால் என்ன செய்வாய் என்று அயலட்டையில் கேட்பார்கள். ரெலிபோனில் கேட்டால் சொல்லமாட்டேன். நேரே வந்து, பெயரும் இலக்கமும் சொல்லி, என்ன முறைப்பாடு என்று சொன்னால், அதை எழுதி வைத்துக்கொண்டு அந்த ஒருவரின் மட்டையைக் காட்டுவேன். மற்ற மட்டைகள் உள்ளேயே கிடக்கும். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பட்டேல் என்ற குஜராத்திப் பெயர்க்காரரும் வேறு மோட்டல்காரரும் இதற்காகவே வழக்காடினார்கள். கேட்டவுடன் விருந்தினர் பதிவைப் பொலிசுக்குக் கொடு, இல்லாவிட்டால் தண்டனை என்ற நகரச் சட்டம் செல்லாது, முதலில் ஒரு நடுநிலையானவரிடம் ஆட்சேபிக்க இடம் வேண்டும் என்று 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் நாட்டில் அப்படி இல்லாவிட்டாலும், கதவைத் திறக்க முன் "ஏன்?" என்று கேட்க எனக்கு நா இருக்குது.

ரெலிபோனை வைத்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு நானே பொலிசுக்குப் போனேன். அவன் முதலில் போய் "மனிசியைக் காணேல்லை" என்று முறைப்பாடு எழுதினால் தேடுதல் தொடங்கிவிடும். பெண்கள் சிறுவர் பிரிவில் ஒரு பெண் உத்தியோகத்தரிடம், தான் விருப்பத்தோடுதான் வெளியேறினதாகவும், இருக்கிற இடத்தை ஆருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் அவளே சொல்லிப் பதிந்தாள். புது அட்டை எடுக்கவும் பொலிஸ் முறைப்பாடு வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்றும் அங்கே விளங்கப்படுத்தினார்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அதை உங்கள் அடுப்படிக் கலண்டரில் எழுதி வையுங்கோ.

மூன்றாம் நாள் பெரியம்மா முறையான ஒருவர் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. மட்டையில் போன திகதியை எழுதி அலுமாரியில் வைத்தேன். பிள்ளை விறாந்தையில் விட்டுப்போன ஒரு சிவப்புச் செருப்பும் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆராவது கேட்டு வந்தால் கொடுக்க.