கழுத்து என்ன சோடா பாட்டிலா?

முடி வெட்டி முடித்ததும் சலூன் நாற்காலியிலேயே ஒரு இலவச இணைப்பு உண்டு. தலையில் நாலு தட்டு. அப்புறம் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு. 'டொக்'! "ஆகா, கழுத்து வலி போச்சு"ன்னு எழுந்து போகிறவர், அடுத்த மாதம் அதே வலியோடு வந்து உட்காருகிறார். போன வலி எப்படிங்க திரும்பி வந்தது?

அந்தச் சத்தத்தில் எலும்பு எதுவும் 'செட்' ஆவதில்லை. 2015-ல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரலைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். மூட்டுத் திரவத்துக்குள் ஒரு வாயுக்குழி உண்டானது. அவ்வளவுதான் 'டொக்'.

விரலோடு நின்றால் பரவாயில்லை. கழுத்தில் உள்ள 7 எலும்புகளில் மேல் 6 எலும்புகளின் ஓட்டைகள் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் 2 தமனிகள் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பினால் தமனியின் உள்சுவர் கிழியலாம். அங்கே ரத்தம் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வயசுப் பையன் என்று அது பார்க்காது.

"எங்க தாத்தா காலத்துலேருந்து பண்றாங்க, ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். சரி, அபூர்வம்தான். ஆனால் கணக்கு எழுதிப் பாருங்கள். வரவு: அரை மணி நேர சுகம். நஷ்டம் வந்தால்: ஒரு கை, ஒரு கால், பேச்சு. எந்த முட்டாள் இதில் முதல் போடுவான்?

கழுத்து வலியோடு காதும் அடைத்தால் இன்னும் கூத்து. உடனே காய்ச்சின நல்லெண்ணெய்! காதைச் சுற்றி உணர்வு தரும் சில நரம்புகள் மேல் கழுத்திலிருந்து வருகின்றன. தாடை மூட்டு காதுக்கு ஒட்டினாற்போல முன்னால் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்க மானிட்டரை எட்டிப் பார்ப்பவருக்கு, காது நன்றாக இருந்தும் அடைத்த மாதிரி தோன்றலாம். அங்கே எண்ணெய்க்கு என்ன வேலை? செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கேடுதான். திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்பதும் குறைந்தால், எண்ணெயோடு நாள் கடத்துகிறவர் கேட்கும் திறனையே இழக்கலாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓட வேண்டும்.

கண் மட்டத்துக்கு மானிட்டர், அடிக்கடி எழுந்து நடப்பது, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சி. உருப்படியான வழி இதுதான். என்ன, 'டொக்' சத்தம் வராது!

சலூன்காரரைத் திட்டிப் பயனில்லை. தலையை நீட்டுவது வாடிக்கையாளர்தானே. "அண்ணே, முடி மட்டும் போதும்" என்று சொல்ல காசா பணமா?