வானதியை வாசிக்க விடுங்கள்

சென்ற தவணை பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "டீச்சர், ஓ.எல். எடுக்கிற பிள்ளை 'பொன்னியின் செல்வனும்' கையுமாக இருக்கிறாள். காதல் கதை அவளுக்கு என்னத்துக்கு?"

பிள்ளை மீதுள்ள அக்கறையில் பிறந்த கேள்வி அது. மற்றப் பெற்றோரும் காத்திருந்ததால் முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அச்சுவேலி பஸ்ஸில் வீடு திரும்பும்போது யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த அந்தக் கதையை, இதழ்களிலிருந்து பிரித்தெடுத்துக் கட்டி வைத்திருந்தார் எங்கள் அம்மம்மா. பதினைந்து வயதில் அதை வாசித்தேன். குந்தவையைப் பிடித்தது. வானதியைப் பிடிக்கவில்லை. தந்தை ஈழப் போரில் இறந்துவிட, பழையாறை அரண்மனையில் குந்தவையின் நிழலில் வளர்பவள் அவள். ஈழத்துக்குப் புறப்படும் இளவரசருக்காகத் தீபத் தட்டு ஏந்தி நின்றவள், அவர் பார்த்ததும் தட்டைத் தவறவிட்டு மயங்கி விழுகிறாள். இவளும் ஒரு கதாநாயகியா என்று அம்மம்மாவிடம் கேட்டேன். "முழுக்க வாசி பிள்ளை, பிறகு சொல்லு" என்றார்.

முழுக்க வாசித்த பிறகுதான் விளங்கியது. இளவரசர் இருக்குமிடத்தைச் சொல்லும்படி முதன்மந்திரி அநிருத்தர் மிரட்டுகிறார். யானை துதிக்கையால் தூக்கும் வேளையிலும் வானதி வாய் திறக்கவில்லை. அரசியாகும் ஆசையில்தான் காதலிக்கிறாள் என்று பூங்குழலி குத்திக் காட்டியபோது, சிங்காசனத்தில் ஒருபோதும் அமரமாட்டேன் என்று சபதம் செய்கிறாள். அந்தச் சபதத்தை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுவரை மற்றவர்கள் தீர்மானித்த வாழ்க்கையில், முதன்முதலாக அவளே ஒன்றைத் தீர்மானிக்கிறாள்.

கல்விச் சுற்றுலாவில் பொலனறுவைக்குப் போகும் மாணவியர் அங்குள்ள கற்கோயிலைப் பார்த்திருப்பீர்கள். கல்வெட்டில் அதன் பெயர் வானவன் மாதேவி ஈச்சரம். இராஜராஜனின் தேவியும் இராஜேந்திரனின் தாயுமான வானவன் மாதேவியின் பெயர் அது. கல்கியின் வானதி அவர்தான். கல்வெட்டு பெயரைத்தான் சொல்லும். பயந்த பிள்ளை எப்படித் துணிந்தவள் ஆனாள் என்பதைச் சொல்ல நாவல் வேண்டும். அதற்கு ஆசிரியரின் கற்பனையும் வேண்டும். ஆகவே அதை வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் சமூகத்துப் பெண்ணுக்கு நாவல் ஒத்துவராது என்பவர்கள் நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தை நினைத்துப் பார்க்கட்டும். பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரையே படித்தவர். வீட்டுக்குள் இருந்தே வாசித்து, 1938இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு மதிப்புரை தந்தவர் உ.வே. சாமிநாதையர்.

பரீட்சைக்கு முந்திய மாதத்தில் ஐந்து பாகங்களையும் தூக்கச் சொல்லமாட்டேன். வேலியும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் வேலிக்குள் வளரும் பிள்ளையும் ஒருநாள் தனியே முடிவெடுக்க வேண்டிவரும். அதற்குமுன் வானதியோடு சேர்ந்து ஒருமுறை பயந்து, ஒருமுறை துணிந்து பார்த்திருப்பது நல்லது.

அந்தத் தாய்க்கு என் பதில் இதுதான்: புத்தகத்தைப் பறிக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டின்போது, "வானதி இப்ப எந்த இடத்தில் நிற்கிறாள்?" என்று மகளைக் கேளுங்கள்.