மூன்றாவது மாத்திரைக்கு முன்னால்...

பஸ் ஸ்டாண்டில் யாராவது வலிப்பு வந்து விழுந்தால் உடனே நாலு பேர் சாவிக்கொத்தைத் தேடுவார்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டொரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பெயர் மட்டும் இரும்புக்குப் போய்விடும்!

சாவியைப் பார்த்துச் சிரிக்கும் படித்தவர்களிடமும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 'இந்த மாத்திரை கேட்கவில்லையா, அடுத்தது கேட்கும். அதுவும் கேட்கவில்லையா, அதற்கடுத்தது...' இப்படியே பத்து வருடம் ஓடிய குடும்பங்கள் உண்டு.

கணக்கு என்ன சொல்கிறது? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், அதற்குமுன் வலிப்பு மருந்தே சாப்பிட்டிராத 470 பேரைக் கவனித்து 2000-ல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில் நின்றவர்கள் 14 சதவீதம். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நின்றவர்கள் வெறும் 3. சரியான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது 'மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு' என்று சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2010-ல் வரையறுத்தது.

ஏன் கட்டுப்படுவதில்லை? ஒரு முக்கியமான காரணம் பிறவியிலேயே மூளையில் இருக்கும் அமைப்புக் கோளாறு. கருவில் மூளையின் உட்பகுதியில் உருவாகும் நரம்புச் செல்கள் வெளிப்புறத்துக்கு நகர்ந்து, அடுக்கடுக்காக உட்கார வேண்டும். சில செல்கள் வழியிலேயே நின்றுவிடும்; சில தாறுமாறாக உருவாகும். ஓரிடத்தில் மட்டும் இப்படி இருந்தால் அதற்கு ஃபோகல் கார்டிகல் டிஸ்பிளேசியா என்று பெயர். மாத்திரையால் மின்சாரக் கொந்தளிப்பை ஓரளவு அடக்கத்தான் முடியும். இடம் மாறி உட்கார்ந்த செல்லை எழுப்பி வேறிடத்தில் உட்கார வைக்க முடியாது.

அந்த இடத்தைக் கண்டுபிடித்து வெட்டி எடுக்கலாம். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை மருந்துக்குக் கட்டுப்படாத 116 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. எல்லோரும் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். ஒரு வருடம் கழித்து, ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 77 சதவீதத்தினருக்கு வலிப்பே இல்லை. மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 7 சதவீதம்!

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 33 சதவீதத்தினருக்குக் கடுமையான பாதிப்புகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒரு பக்கக் கை கால் பலவீனம். எல்லோருக்கும் ஆபரேஷன் பொருந்தாது என்பதும் உண்மை. கோளாறு மூளையின் இரண்டு பக்கமும் பரவியிருந்தால், பேச்சுக்கான பகுதியில் இருந்தால் கத்தி வைக்க யோசிப்பார்கள். அவர்களுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு, வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவி என்று வேறு வழிகள் உண்டு.

ஆனால் எந்த வழி யாருக்கு என்று சொல்ல முதலில் பரிசோதனை நடக்க வேண்டுமே! சின்னக் கோளாறு சாதாரண எம்.ஆர்.ஐ.-யில் தப்பிவிடும். அதற்கென்று எடுக்கும் ஸ்கேனும், வீடியோவோடு சேர்ந்த ஈ.ஈ.ஜி.-யும், பார்த்துப் பழகிய கண்ணும் வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட்டில் 1995 முதல் இந்த ஆபரேஷன் நடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஒரு ராத்திரி ரயில் பயணம்தான்.

வணிகவியலில் 'மூழ்கிய செலவு' என்று ஒன்று உண்டு. போட்ட பணம் போச்சே என்று மேலும் மேலும் போடக்கூடாது என்பார்கள். இங்கே மூழ்குவது பணம் மட்டுமல்ல. குழந்தை பேச்சும் படிப்பும் பழகும் வருடங்கள். அவை திரும்பி வராது.

எனவே இரண்டு மருந்து தோற்றதும் டாக்டரே பெரிய மையத்துக்குக் கடிதம் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் பெற்றோர் கேட்க வேண்டும். பரிசோதனைக்குப் போவது ஆபரேஷனுக்குச் சம்மதிப்பதாகாது. அதுவரை மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது மாத்திரை இருக்கட்டும். அதோடு சேர்த்து ஒரு கேள்வியும் கேட்கலாமே: "டாக்டர், இதை ஆபரேஷன் செய்ய முடியுமா என்று எங்கே பார்க்கலாம்?"