பேட்டரி போனால் போனும் போக வேண்டுமா?

கைபேசிப் பழுதுநீக்கம் குறித்து ஒரு நுகர்வோர் அமைப்பின் நிலைப்பாட்டு அறிக்கை

2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதன் பிஎல்-5சி பேட்டரிகளில், ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்தவை சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்பதுதான் செய்தி. உலகம் முழுக்க அப்படிப்பட்டவை 4 கோடியே 60 லட்சம். நோக்கியா 1100 பெட்டிக்கடைக்காரர் முதல் பேராசிரியர் வரை எல்லோர் சட்டைப் பையிலும் இருந்த காலம் அது, ஊரே பதறியது. ஆனால் செய்ய வேண்டியிருந்த வேலை சிறியது. பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்து, பேட்டரியைக் கையில் எடுத்து, அதில் அச்சிட்டிருந்த 26 இலக்க எண்ணைச் சரிபார்க்க வேண்டும். எண் பட்டியலில் இருந்தால் இலவசமாக வேறு பேட்டரி. போன் அதே போன்தான்.

ஒன்பது ஆண்டு கழித்து, 2016இல், சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தது. அங்கேயும் கோளாறு பேட்டரியில்தான். ஆனால் அந்தப் பேட்டரி மூடிய உடலுக்குள் பசைபோட்டு ஒட்டப்பட்டிருந்தது. வாங்கியவரால் கழற்ற முடியாது. செப்டம்பரில் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்த நிறுவனம், மாற்றிக் கொடுத்தவையும் எரியத் தொடங்கியதும் அக்டோபரில் அந்த மாடலையே கைவிட்டது. மறு ஆண்டு தென் கொரியாவில், கொள்ளளவு குறைந்த பேட்டரி பொருத்தி, பெயரைச் சற்று மாற்றி, அதே போன் மறுபடி விற்பனைக்கு வந்தது. திரையும் கேமராவும் சிப்பும் நன்றாகவே இருந்திருக்கின்றன.

இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் நடுவில் நுகர்வோரின் கையைவிட்டுப் போனது எதுவோ, அதைத் திரும்பக் கேட்பதற்காகவே இந்த அறிக்கை. காசு கொடுத்து வாங்கிய போனின் பேட்டரியை நியாயமான விலையில், பக்கத்துக் கடையில், ஒரு மணி நேரத்தில் மாற்றிக்கொள்ளும் வழி இந்தியாவில் சட்டப்படி இருக்க வேண்டும் என்பது இவ்வமைப்பின் நிலைப்பாடு. பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்ற மதிப்பெண் ஒவ்வொரு போனின் பெட்டியிலும் கட்டாயமாக அச்சிடப்பட வேண்டும். அந்த மதிப்பெண்ணில் உதிரி பாகத்தின் விலையும் சேர வேண்டும்.

பேட்டரி தேய்வது யாருடைய குற்றமும் இல்லை. லித்தியம் அயனிகள் சார்ஜ் ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது மறுபக்கமும் போய்வருகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் லித்தியம் கிராஃபைட்டின் மேல் படியும் மெல்லிய படலத்தில் சிக்கித் திரும்பாமல் நின்றுவிடுகிறது. சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு, காலையில் நூறு காட்டிய போன் மத்தியானமே சிவப்புக் கோட்டுக்கு வந்துவிடும். வெப்பம் இந்தத் தேய்மானத்தை விரைவாக்கும். மே மாத வெயிலில் பைக் ஹேண்டிலில் போனைச் சொருகிக்கொண்டு உணவு டெலிவரிக்கு ஓடும் இளைஞனின் பேட்டரி, குளிரூட்டிய அறையில் இருப்பவரின் பேட்டரிக்கு முன்பே சோர்ந்துவிடும். அவனுக்கு அந்தப் போன்தான் பிழைப்பு.

இப்போதைய போனில் பேட்டரி மாற்றும் வேலையை சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குக் கஷ்டம் புரியும். கடைக்காரர் முதலில் போனைச் சூட்டுத் தட்டில் வைத்துப் பசை இளகக் காத்திருக்கிறார். பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, சுற்றிலும் நகர்த்துகிறார். கொஞ்சம் அழுத்திவிட்டால் கண்ணாடி விரிசல் விடும். உள்ளே கடுகு அளவு திருகாணிகள். அவற்றிலும் சில சாதாரணத் திருப்புளிக்கு வசப்படாத விசித்திரத் தலை கொண்டவை. அதன் பிறகுதான் பேட்டரி, அதுவும் பசையில். உப்பிப்போன பேட்டரி என்றால் நெம்பும்போதே துளை விழுந்து புகை கிளம்பலாம். ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பசை ஊறும்வரை பொறுத்திருந்து எடுக்கிறார். இத்தனை பக்குவத்துக்கும் அவர் கேட்கும் கூலி பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். பேட்டரி ஒரிஜினலா என்று கேட்டால் அவர் பதில் சொல்லத் தயங்குவார். ஒரிஜினலைப் பல நிறுவனங்கள் அவருக்கு விற்பதே இல்லை.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்று நிறுவனங்கள் சொல்லும் வாதம் இந்த இடத்தில்தான் தலைகீழாகிறது. வெளிக்கடைகளில் தரமில்லாத பேட்டரி போடுகிறார்கள், ஆபத்து என்கின்றன. தரமான பேட்டரியை அந்தக் கடைகளுக்கு விற்றால் அவர்கள் ஏன் டூப்ளிகேட்டைத் தேடிப் போகப்போகிறார்கள்? அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் இதே வாதங்களை ஆராய்ந்து 2021 மே மாதம் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளித்தது. பழுதுபார்க்கத் தடைபோடுவதை நியாயப்படுத்த உற்பத்தியாளர்கள் காட்டும் காரணங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு.

தண்ணீர் புகாமல் இருக்கத்தான் பசை என்பது அடுத்த வாதம். அதே சாம்சங் 2014இல் விற்ற கேலக்ஸி எஸ்5 போனின் முதுகைக் கையால் கழற்றலாம், பேட்டரியை மாற்றலாம். நீர் புகாமைக்கான ஐபி67 தரச் சான்றும் அதற்கு உண்டு. தொழிற்கூடங்களில் புழங்குவோருக்கென சாம்சங் விற்கும் எக்ஸ்கவர் வரிசைப் போன்களில் இன்றும் கழற்றும் பேட்டரியும் ஐபி68 தரமும் சேர்ந்தே இருக்கின்றன. ஒல்லியான போன்தான் வேண்டும் என்போருக்கும் வழி பிறந்திருக்கிறது. 2024இல் வந்த ஐபோன் 16இல் ஆப்பிள் ஒரு புதுவகைப் பசையைப் பயன்படுத்தியது. 9 வோல்ட் மின்சாரத்தை ஒன்றரை நிமிடம் செலுத்தினால் பசை தானாக விட்டுவிடும். சூடும் வேண்டாம், நெம்பவும் வேண்டாம். மனம் இருந்தால் பொறியாளர்களுக்கு இது முடியாத காரியம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இந்தக் கண்டுபிடிப்பை இவ்வமைப்பு மனதார வரவேற்கிறது.

அதே ஆப்பிள்தான், தேய்ந்த பேட்டரி கொண்ட பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்து வந்ததை 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்று விளக்கம் சொன்னது. விளக்கத்தில் தொழில்நுட்ப நியாயம் இருக்கலாம். வாங்கியவரிடம் சொல்லாமல் செய்ததில் நியாயமே இல்லை. போன் கிழடாகிவிட்டது என்று நினைத்துப் புதியது வாங்கியவர்கள் எத்தனை பேர்! உண்மை வெளியே வந்த பிறகு, இந்தியாவில் 6,500 ரூபாயாக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணம் 2,000 ரூபாய்க்கு இறங்கியது. பிரான்சின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை 2020இல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள நிறுவனம் சம்மதித்தது.

இன்னொரு பூட்டும் இருக்கிறது. பேட்டரி, திரை, கேமரா ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் மதர்போர்டோடு மென்பொருளால் கட்டிப்போடுவது. ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு அசல் போன்களின் திரைகளை மாற்றிப் போட்டால்கூட, அறியாத பாகம் என்று எச்சரிக்கை வரலாம், சில வசதிகள் வேலைசெய்யாமல் போகலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. நம் நாட்டிலும் அதே தடை வேண்டும் என்று இவ்வமைப்பு கோருகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் வெகுதூரம் போய்விட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். மாடல் சந்தையைவிட்டுப் போன பிறகும் ஏழு ஆண்டு முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும், ஐந்து ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு வர வேண்டும். பெட்டியில் ஒட்டும் தாளில் ஏ முதல் இ வரை பழுதுநீக்கத் தரம் அச்சாக வேண்டும். நெடுநாள் உழைக்கும் பேட்டரியும் நீர்காப்பும் கொண்ட போன்களுக்கு, பயனர் தாமே பேட்டரி மாற்றும் விதியிலிருந்து அங்கே விலக்கு உண்டு. அந்த விலக்கு இங்கே அப்படியே வரக் கூடாது. எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து போனைப் பிரிக்க வேண்டும் என்று இவ்வமைப்பு சொல்லவில்லை. லித்தியம் பேட்டரி விளையாட்டுப் பொருளல்ல. ஆனால் தொழில் தெரிந்த எந்தக் கடைக்காரரும் சந்தையில் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு மாற்ற முடிய வேண்டும். விலக்கு பெறும் போனுக்கும் இந்த நிபந்தனை பொருந்த வேண்டும்.

இந்தியா சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கான இணையதளம் தொடங்கப்பட்டது. 2024 செப்டம்பரில் அமைக்கப்பட்ட இன்னொரு குழு, போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் பழுதுபார்ப்புக் குறியீடு ஒன்றைப் பரிந்துரைத்து 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. எத்தனை அடுக்கு பிரிக்க வேண்டும், பழுதுநீக்கக் குறிப்புகள் கிடைக்கின்றனவா, உதிரி பாகம் உரிய காலத்தில் வருகிறதா, மென்பொருள் புதுப்பிப்பு எவ்வளவு காலம், என்ன கருவி வேண்டும், எந்த வகைத் திருகாணி என்ற ஆறு அளவைகள் அதில் உண்டு. நல்ல பட்டியல்தான். ஆனால் அதில் விலை இல்லை.

விலை இல்லாத மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு நுகர்வோர் என்ன செய்வார்? பத்தாயிரம் ரூபாய்ப் போனின் திரை உடைந்து, சர்வீஸ் சென்டரில் அதை மாற்ற ஐயாயிரம் ஆகும் என்றால் யாரும் மாற்றுவதில்லை. இன்னொரு ஐந்தாயிரம் போட்டுப் புதியதே வாங்கிவிடலாம் என்றுதான் கடையில் பேச்சு வரும். நான்கு திருகாணியைக் கழற்றினால் திரை கையோடு வந்துவிடும் என்பதற்காக அந்தப் போனுக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்து என்ன பயன்? பிரான்ஸ் 2021 ஜனவரியில் தொடங்கிய குறியீட்டில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். அதன் ஐந்து அளவைகளில் ஒன்று, பொருளின் விலையோடு ஒப்பிடும்போது உதிரி பாகம் எவ்வளவு என்பது. இந்தியக் குறியீட்டில் ஏழாவது அளவையாக அது சேர வேண்டும். நிறுவனங்கள் தாமே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் முறையில், மாதிரிகளைச் சந்தையில் வாங்கிப் பிரித்துச் சரிபார்க்கும் பொறுப்பை அரசு சார்ந்த ஒரு சோதனைக்கூடத்திடம் கொடுக்க வேண்டும்.

இது முன்னுதாரணம் இல்லாத கோரிக்கையும் அல்ல. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகமும் சோதனைக் கருவியும் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அந்த ஆணை மேல்முறையீட்டுக்குப் போனது. காருக்குச் சொன்ன நியாயம் கைபேசிக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. ஓசூரில் டாடா எலக்ட்ரானிக்ஸ் இயங்குகிறது. நம் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நின்று பூட்டும் போனை, ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கடை வைத்திருக்கும் நம் பையன் திறந்து சரிசெய்யப் பாகம் கிடைக்காமல் தவிப்பது சரியில்லை. ஐடிஐக்களில் கைபேசிப் பழுதுநீக்கம் கற்றவர்களுக்குச் சான்றிதழோடு ஒரிஜினல் பாகம் வாங்கும் உரிமையும் கிடைக்க மாநில அரசு முயல வேண்டும்.

பழுதுநீக்க முடியாத போன்கள் கடைசியில் போய்ச் சேர்வது மின்கழிவில்தான். ஐ.நா.வின் உலக மின்கழிவு அறிக்கைப்படி 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் மட்டுமே.

தொடக்கத்தில் சொன்ன பிஎல்-5சி இன்னும் சாகவில்லை. கோயில் வாசலில் பக்திப் பாட்டுப் பாடும் சின்ன ஸ்பீக்கர்களிலும், கையடக்க ரேடியோக்களிலும், பொத்தான் போன்களிலும் அந்த வடிவப் பேட்டரி இன்றும் ஓடுகிறது. எந்தப் போன் கடையிலும் கேட்டு வாங்கலாம், யாரும் போட்டுக்கொள்ளலாம்.

சட்டம் வரும்வரை வாசகர்கள் ஒன்று செய்ய வேண்டும். புதுப் போன் வாங்கப் போகும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு, இதற்குப் பேட்டரி மாற்ற எவ்வளவு, திரை மாற்ற எவ்வளவு, எத்தனை வருடம் அப்டேட் வரும் என்ற மூன்றையும் கேளுங்கள். விற்பவர் சொல்லும் பதிலைப் பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கி வையுங்கள். பிறகு சர்வீஸ் சென்டரில் பாகம் இல்லை என்று கைவிரித்தால், அந்தப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.