காகிதம்தான் குற்றவாளியா?

‘காகிதத்தை ஒழித்தால் காடு பிழைக்கும்’ என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையும் இதற்கு விலக்கல்ல. நோட்டீஸ் எதற்கு, கியூஆர் கோடு போதும். புத்தகம் எதற்கு, பிடிஎஃப் போதும் என்கிறார்கள். அக்கறை உண்மையானது. அதற்குச் சொல்லும் காரணங்கள்தான் நிற்கவில்லை.

முதல் காரணம்: தாள் ஒவ்வொன்றும் காட்டில் வெட்டிய மரம். தமிழ்நாட்டிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. மாநில அரசு 1979-இல் தொடங்கிய டிஎன்பிஎல் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு தாள் தயாரிக்கிறது. சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த சக்கை அது. அவற்றுக்கு மாற்று எரிபொருளோ நீராவியோ கொடுத்து டிஎன்பிஎல் சக்கையைப் பெற்றுக்கொள்கிறது. கூடவே சேரும் மரக்கூழுக்கும் சவுக்கும் தைலமரமும் பெரும்பாலும் விவசாயிகளின் நிலத்தில் பயிராகவே வளர்கின்றன. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதக்கூடமோ பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் எடுக்கிறது.

காகித ஆலை தண்ணீரை ஏராளமாகக் குடிக்கும், கழிவுநீரை வெளியேற்றும் என்பது மெய். அதைக் கண்காணிக்கத்தான் வேண்டும். ஆனால் அது மரத்தைப் பற்றிய வாதம் அல்ல.

இரண்டாவது காரணம்: திரையால் சுற்றுச்சூழலுக்குச் சுமை கிடையாது. சுரங்கம், மின்சாரம், சில ஆண்டுகளில் தூக்கியெறியும் கைப்பேசி எல்லாம் அந்தக் கணக்கில் வருவதேயில்லை. 2022-இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. பேருந்துச் சீட்டுக்கும் ரசீதுக்கும் கைப்பேசி பொருத்தம். தலைமுறை தாண்டிக் கைமாறும் புத்தகத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது.

மூன்றாவது காரணம்: காகிதம் வேண்டாமென்றால் பிளெக்ஸ் இருக்கிறதே. பிளெக்ஸ் என்பது பிவிசி பூசிய துணி. மட்காது, கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் காற்றில் கலக்கும். கிரிவலப் பாதையில் கட்டும் பிளெக்ஸ் பேனர்களும் இந்த வகைதான்.

உண்மையான விரயம் வடிவமைப்பாளரின் மேசையில் தொடங்குகிறது. 18×23 அங்குல டெம்மி தாளில், ஐந்தரைக்கு எட்டரை அளவுள்ள புத்தக ஏடு எட்டு விழும். ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் வெட்டுக் கழிவு. அழகுக்காக எட்டரை அங்குலச் சதுரம் என்று முடிவெடுத்தால் நான்கே ஏடு விழும். தாளில் பத்தில் மூன்று பங்கு கழிவாகும். டெம்மி புத்தகத்தில் ஒரு ஃபாரம், அதாவது இந்த எட்டு ஏடு, 16 பக்கம். 98 பக்கத்தில் முடியும் நூலுக்கு, கடைசி இரண்டு பக்கத்துக்காகத் தனித் தாள், தனி பிளேட். வரி இடைவெளியைச் சற்று இறுக்கினால் 96-இல் அடங்கிவிடும்.

புத்தக அட்டைக்கும் அழைப்பிதழுக்கும் ஒட்டும் லேமினேஷனும் பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடைசெய்த பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் உண்டு. அதே அளவுகோல் இவற்றுக்கு ஏன் இல்லை?

ரமண மகரிஷி துண்டுக் காகிதத்தையும் எறியாமல் சேர்த்துவைத்தவர். புத்தகங்களைத் தம் கையாலேயே பைண்டு செய்தவரும் அவர்தான். சிக்கனமும் புத்தகமும் அவரிடம் சேர்ந்தே இருந்தன.

கார்த்திகை தீபத்துக்கு நோட்டீஸ் அடிக்கப் போகிறவர் அச்சகத்தில் மூன்று கேள்வி கேட்டால் போதும்: இந்த அளவில் தாள் எவ்வளவு கழியும்? லேமினேஷனுக்குப் பதில் வார்னிஷ் போதுமா? உண்மையில் எத்தனை பிரதி தேவை?