பீரோவுக்குள் இருக்கும் ஆண்டறிக்கைகள்

மதிப்பிற்குரிய திருப்பூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

இதை மனுவாக எழுதித் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்திருக்கலாம். ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று பதில் வந்திருக்கும். அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

பதினோரு வருஷம் பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்த்தவள் நான். ஆடிட் என்றால் முந்தின நாள் சாயங்காலமே மாடிப்படியை அடைத்துக் கிடந்த அட்டைப்பெட்டிகள் இறங்கிவிடும். சும்மா தொங்கும் முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் டிஞ்சரும் வந்து சேரும். வயசு பத்தாத பிள்ளைகளுக்கு லீவு. “எத்தனை மணி நேரம் வேலை?” என்று கேட்டால் எட்டு என்று சொல்லச் சொல்லி சூப்பர்வைசர் லைன் லைனாக வருவார். ஒன்றரை ஷிப்ட் பார்த்த அலுப்போடு நாங்களும் தலையாட்டுவோம். பையர் அனுப்பிய ஆள் வந்து டிக் போட்டுவிட்டுப் போவார். அவர் கார் அவிநாசி ரோட்டைத் தொடுவதற்குள் பெட்டிகள் படிக்கட்டுக்கு ஏறியிருக்கும்.

ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் மேஜையில் பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. மாதவிலக்கு நாளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால் அதிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துத் தருவார். அட்டை கிடையாது, பேர் கிடையாது. விழுங்கிவிட்டு டேபிளுக்குத் திரும்ப வேண்டியதுதான். இதெல்லாம் பேப்பரில் வருகிற விஷயம் என்று நாங்கள் நினைத்ததேயில்லை. 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன், தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வேலை பார்க்கும் சுமார் 100 பெண்களிடம் பேசி இதையே எழுதியது. அத்தனை பேரும் பேர் தெரியாத மாத்திரை வாங்கித் தின்றவர்கள். படித்த அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. அதற்கு முன் வந்ததெல்லாம் வயிற்றுவலி மட்டும்.

கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலி திட்டம் இந்த வட்டாரத்தில் யாருக்குத் தெரியாது? ஆனாலும் 2011-லும் 2014-லும் நெதர்லாந்தின் ‘சோமோ’ அமைப்பு அறிக்கை போட்ட பிறகுதான் அது பெரிய பேச்சானது. நம் ஊர் கேட்டுக்குள் நடப்பது ஆம்ஸ்டர்டாமைச் சுற்றிக்கொண்டு நமக்கே வந்து சேர்கிறது.

உள்ளூர் நிருபர் எழுதக் கூடாதா என்று கேட்கலாம். 2024 ஜனவரி 24 ராத்திரி பல்லடம் பக்கம் காமநாயக்கன்பாளையத்தில் நடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. அது பனியன் கம்பெனி விவகாரம் இல்லைதான். நியூஸ் 7 தமிழ் நிருபர் நேசபிரபு, ஆட்கள் தன்னைத் தேடுகிறார்கள் என்று போலீசுக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டார். போலீஸ் வரவில்லை, வெட்ட வந்தவர்கள் வந்துவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் ஒதுங்கி நின்றவரின் போன் அப்போதும் லைனில் இருந்தது. அந்த ஆடியோவை நான் முழுசாகக் கேட்கவில்லை, கேட்க முடியவில்லை. பிறகு ஆய்வாளர் மீது நடவடிக்கை, முதல்வர் நிவாரணம் எல்லாம் வந்தன. அடுத்த நிருபர் ஒரு கம்பெனி வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுப்பதற்கு முன் எதை நினைத்துப் பார்ப்பார்?

விஷயம் வெளியே வந்தால் பலன் உண்டு, ஆனால் அதற்கு என்ன விலை என்று பாருங்கள். திண்டுக்கல்லில் 2021 ஜனவரியில் ஓர் ஆடை ஆலைப் பெண் கொலையானார். கைதானது அவருடைய சூப்பர்வைசர். உடன் வேலை பார்த்த பெண்கள் வாய் திறந்தார்கள், வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் நின்றது. 2022 ஏப்ரலில், ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு உயிர் போய், பதினைந்து மாசம் கழித்து.

நான் கேட்பது புதுச் சட்டம் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அது வருஷா வருஷம் எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்று மாவட்ட அலுவலருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்தத் தாள்கள் தங்கள் நிர்வாகத்தின் ஏதோ ஒரு பீரோவில் இருக்க வேண்டும். எந்தக் கம்பெனி அனுப்பியது, எது அனுப்பவில்லை, எது ‘புகார் இல்லை’ என்று வருஷந்தோறும் ஒரே வரியை எழுதியது என்பதை மட்டும் மாவட்ட இணையதளத்தில் போடுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களின் பேர் வேண்டாம், வெளியிடவும் கூடாது. கம்பெனி பேர் போதும். வாட்ச்மேனைத் தாண்டாமலே ஒரு நிருபர் வேலையைத் தொடங்கிவிடுவார்.

‘குழு இருக்கிறது’ என்று வரும் அறிக்கையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நானே அப்படியொரு குழுவில் உறுப்பினராக இருந்தவள். ஆடிட்டுக்கு முந்தின நாள் நோட்டீஸ் போர்டில் என் பேரைப் பார்த்துத்தான் அது எனக்கே தெரியும். இனிஷியல் தப்பாக இருந்தது.

இப்படிக்கு,
முன்னாள் செக்கிங் தொழிலாளி,
15 வேலம்பாளையம், திருப்பூர்