நூல் எம்மிடம், உரிமை எவரிடம்?

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது 90,000 இற்கும் மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அன்று முதல், எஞ்சியவற்றையேனும் காக்க வேண்டுமென்னும் தவிப்பு எம்மவரிடம் உண்டு. ஊரிலிருந்து கொண்டுவந்த நூல்களைப் பலரும் படியெடுத்துப் பகிர்கின்றனர். நோக்கம் நன்று. எனினும், இதற்கெனச் சட்டம் ஒன்று உண்டென்பதைச் சிலரே எண்ணுகின்றனர்.

நூலை வாங்கியவருக்கு உரியது அந்தப் பிரதி மாத்திரமே. எழுத்தின் உரிமை எழுதியவருக்குரியது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, அவ்வுரிமை ஆசிரியரின் வாழ்நாளிலும் அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் நிலைத்திருக்கும். நாம் வாழும் நாடுகள் பலவற்றிலும் கால அளவு இதுவே. பாட்டனார் எழுதிய கடிதத்திற்கும் இம்முறை பொருந்தும்: கடிதம் பெற்றவருக்குச் சொந்தம், அதனை அச்சிடும் உரிமை எழுதியவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது.

ஆறுமுக நாவலர் 1879 இலும், சுவாமி விபுலாநந்தர் 1947 இலும் மறைந்தனர். அவர்கள் எழுதிய மூல நூல்களை இன்று எவரும் மறுபதிப்புச் செய்யலாம். ஆனால், 1960களிலும் 1970களிலும் எழுதியோரின் நிலை வேறு. சிலர் முதுமையில் வாழ்கின்றனர், பலர் மறைந்துவிட்டனர். மறைந்தோரின் பிள்ளைகள் கனடாவிலும் நோர்வேயிலும் அவுஸ்திரேலியாவிலுமாகச் சிதறியுள்ளனர். ஒருவர் இசைந்தாலும் ஏனையோரைத் தேட வேண்டும். தேடிக் களைத்தோர் பணியைக் கைவிட, நூல் செல்லரித்துப் போகின்றது.

இதற்காகச் சட்டத்தை மீறலாம் என்போருடன் நாம் உடன்படோம். எமது எழுத்தாளர் பலர் தமது கைப்பொருளைச் செலவிட்டே நூல் வெளியிட்டனர். அவர்களைக் கேளாது எடுப்பது அறமன்று. கேட்டுப் பெறுவதே நேரிய வழி. ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்க்க 2005 இல் தொடங்கிய 'நூலகம்' திட்டத்திற்கும் எழுத்தாளரின் இசைவே பெருந்துணை.

பெற்றோரே, மாணவச் செல்வங்களே! உங்கள் உறவினருள்ளோ அயலவருள்ளோ எழுத்தாளர் ஒருவர் இருப்பின், இவ்விடுமுறையிலேயே அவரைச் சென்று காணுங்கள். எந்நூலை, எந்நோக்கத்திற்காகப் படியெடுக்க இசைகின்றார் என்பதை எழுதி, திகதியிட்டு, கையொப்பம் பெறுங்கள். அவர் வாழும்போது ஒரு தாளில் முடியும் காரியம், மறைந்தபின் 70 ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். அத்தனை காலம் எமது நூல்களின் தாள்கள் தாங்கமாட்டா.